அறுநூறு எடுத்தால் சீட் கிடைக்குமா?

மரக்காணம் உப்பளங்களில் வேலை மும்முரமாக நடக்கும் மே மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமையில்தான் அண்மை ஆண்டுகளாக மருத்துவப் படிப்புக்கான நீட் தேர்வு வருகிறது. ஜூனில் மதிப்பெண் வெளியானதும், மற்ற ஊர்களைப் போலவே இந்தக் கடலோரத்துக் கூனிமேட்டிலும் பெற்றோர் கேட்பது ஒன்றுதான்: “இந்த மார்க்குக்குக் கிடைக்குமா?” கேள்வி நியாயமானது. மார்க்கை மட்டும் பார்த்து அதற்குப் பதில் சொல்ல முடியாது என்பதுதான் சிக்கல்.

அறுநூறு என்ற எண்ணையே எடுத்துக்கொள்ளலாம். 720க்கு 600 என்றால் எந்தத் தேர்விலும் பெரிய மார்க். 2024இல் அதை வாங்கிய மாணவர், நாடு முழுவதும் ஏறத்தாழ 80,000 பேருக்குப் பின்னால் நின்றார். 2025இல் 600ஐத் தாண்டியவர்கள் மொத்தமே 1,332 பேர். 2024இல் முதலில் 67 பேர் முழு மதிப்பெண் பெற்றதாக அறிவித்தார்கள். கருணை மதிப்பெண் விவகாரமும் ஒரு இயற்பியல் கேள்வியின் விடை குறித்த வழக்கும் முடிந்தபோது அது 17 ஆனது. மறு ஆண்டு இயற்பியல் வினாக்கள் கடினமாக வர, நாட்டின் முதல் மாணவரே 686இல் நின்றார். ஆகவே, முந்தைய ஆண்டில் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு எந்த மார்க்கில் இடம் கிடைத்தது என்ற கணக்கு இந்த ஆண்டுக்கு உதவாது. பார்க்க வேண்டியது ரேங்க்.

ரேங்க் தெரிந்தாலும் பாதிதான் தெரிந்தது. ‘தகுதி’ என்ற சொல் பலரை ஏமாற்றிவிடுகிறது. பொதுப்பிரிவினருக்கு, தேர்வு எழுதிய அனைவரில் 50ஆம் பெர்சன்டைல்தான் தகுதிக் கோடு. 2025இல் அது 144 மதிப்பெண், அதாவது ஐந்தில் ஒரு பங்கு. இந்த 144ஐ வைத்துக்கொண்டு அரசுக் கல்லூரியின் வாசலைக்கூட மிதிக்க முடியாது. ஆனால் ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கு மேல் கட்ட முடிந்த குடும்பத்துக்கு, தனியார் கல்லூரியின் நிர்வாக ஒதுக்கீட்டிலோ வெளிநாடுவாழ் இந்தியர் ஒதுக்கீட்டிலோ, அதைவிடச் சற்றுக் கூடுதலான மார்க்கே போதுமானதாகிவிடுகிறது. பணம் இல்லாத வீட்டுக்குத்தான் உயர்ந்த மார்க் கட்டாயம். ‘தகுதியை அளக்கும் தேர்வு’ என்ற வாதம் இந்த இடத்தில் வலுவிழக்கிறது.

கூனிமேட்டுக்கு இன்னொரு விசித்திரம் உண்டு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் புதுச்சேரி எல்லை வந்துவிடும். காலாப்பட்டில் பிம்ஸ் தனியார் மருத்துவக் கல்லூரி. நகருக்குள் போனால் கோரிமேட்டில் ஜிப்மர். இந்தக் கடலோர மக்கள் வைத்தியத்துக்குப் போவது ஜிப்மருக்கு. ஆனால் அங்கே புதுச்சேரி இருப்பிடச் சான்று உள்ளவர்களுக்கென்று தனி ஒதுக்கீடு இருக்கிறது. எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கும் கூனிமேட்டுப் பிள்ளை அதில் சேராது. அகில இந்தியப் பட்டியலில்தான் மோத வேண்டும். அதே பிள்ளைக்குத் தமிழ்நாட்டின் 69 சதவீத இட ஒதுக்கீடு உண்டு, முண்டியம்பாக்கத்தில் 2010இல் தொடங்கிய விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரிக்கும் போட்டியிடலாம். ஒரே மார்க், சில கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு விலை.

விலையை உண்மையில் மாற்றியது, படித்த பள்ளி எது என்று கேட்கும் சட்டம். நீதிபதி பி. கலையரசன் குழுவின் பரிந்துரைப்படி, 6 முதல் 12ஆம் வகுப்பு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் படித்தவர்களுக்கு 2020இல் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. அதற்கு முந்தைய ஆண்டில் எம்.பி.பி.எஸ். சேர்ந்த அரசுப் பள்ளி மாணவர்கள் ஆறு பேர். ஒதுக்கீடு வந்த ஆண்டில் அவர்களுக்குக் கிடைத்த இடங்கள் 313. ஒரே ஆண்டில் பிள்ளைகளின் மூளை ஐம்பது மடங்கு வளர்ந்துவிடவில்லை. யாரோடு யாரை ஒப்பிடுவது என்பது மாறியது, அவ்வளவுதான்.

நீட்டுக்கு ஆதரவாகச் சொல்ல ஒன்றுமில்லை என்றும் கூற முடியாது. 2019 வரை எய்ம்ஸுக்கு ஒரு தேர்வு, ஜிப்மருக்கு ஒரு தேர்வு. அதற்கு முன்பு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தேர்வு நடத்தின. ஒவ்வொன்றுக்கும் ஒரு விண்ணப்பக் கட்டணம், ஒரு பயணம். பல தனியார் கல்லூரிகளில் நன்கொடை பேசி முடித்த பிறகு தேர்வு சடங்காக நடந்ததும் பழைய கதை இல்லை. இன்று நிகர்நிலைப் பல்கலைக்கழக இடங்களுக்கும் பொதுக் கவுன்சலிங்தான். வரிசை வெளிப்படையாக இருக்கிறது. இது சிறிய ஆதாயம் அல்ல.

அந்த வரிசையில் யார் வந்து நிற்க முடிகிறது என்பதுதான் கேள்வி. நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021இல் தந்த அறிக்கையின்படி, 2016–17இல் இடம் பெற்றவர்களில் சுமார் 12 சதவீதமாக இருந்த ரிப்பீட்டர்கள், 2020–21இல் 71 சதவீதத்தைத் தாண்டினார்கள். அதாவது நல்ல ரேங்க் என்பது பெரும்பாலும் பிளஸ் டூவுக்குப் பிறகு ஒரு வருடமோ இரண்டு வருடமோ கோச்சிங்கில் உட்கார முடிந்ததன் அடையாளம். மழைக்காலத்தில் வேலையே இல்லாமல் போகும் உப்பளக் கூலி வீட்டில் அந்த வருடத்தை யார் தாங்குவது? தமிழில் எழுதியவர்களுக்கு வேறு சோதனையும் நேர்ந்தது. 2018 வினாத்தாளில் 49 கேள்விகளின் மொழிபெயர்ப்பு பிழையானது என்று, கேள்விக்கு நான்கு வீதம் 196 மதிப்பெண் தரச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பிழையின் சுமை எழுதியவர்கள் தலையிலேயே தங்கிவிட்டது.

இதற்கு வேறு வழியும் உண்டு. இலங்கையில் பல்கலைக்கழகச் சேர்க்கைக்கு உயர்தரப் பரீட்சை மதிப்பெண்ணை இசட் புள்ளியாக மாற்றி, பெரும்பாலான துறைகளில் 40 சதவீத இடங்களைத் தீவு முழுவதற்குமான தகுதிப் பட்டியலிலும், 55 சதவீதத்தை மாவட்ட அடிப்படையிலும், 5 சதவீதத்தைப் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் கொடுக்கிறார்கள். அங்கும் முறைப்பாடுகள் ஏராளம். ஆனால் ஒரு மார்க் எந்த ஊரிலிருந்து வந்தது என்று வெளிப்படையாகவே கேட்கிறார்கள்.

தமிழ்நாட்டின் 7.5 சதவீதமும் ஒருவகையில் அதைத்தான் கேட்கிறது, அரைகுறையாக. அரசு உதவிபெறும் பள்ளியில் படித்த மீனவர் வீட்டுப் பிள்ளை அதற்கு வெளியே. எல்லை தாண்டிக் காலாப்பட்டுப் பள்ளிக்குப் போன கூனிமேட்டுப் பிள்ளையும் வெளியே; புதுச்சேரி 2023இல் தன் அரசுப் பள்ளி மாணவர்களுக்குக் கொண்டுவந்த 10 சதவீதத்திலும் இருப்பிடச் சான்று குறுக்கே வரும். 2022இல் சென்னை உயர் நீதிமன்றம் 7.5 சதவீதம் செல்லும் என்று தீர்ப்பளித்தபோது, ஐந்தாண்டுகளில் அதை மறுஆய்வு செய்வது பற்றியும் பேசியது. அந்த ஆய்வில் முதலில் எடுக்க வேண்டிய கோப்புகள் இந்த இரண்டு வகைப் பிள்ளைகளுடையவை.