தொழிற்சாலையும் பொதுவெளியும்
சாவோ பவுலோ நகரின் பழைய பீப்பாய்த் தொழிற்சாலையொன்றை இடித்தழிக்காது, 1982இல் மக்கள் பண்பாட்டு நிலையமாக்கியவர் கட்டடக்கலைஞர் லீனா போ பார்டி. உழைப்பின் சுவடு தாங்கிய செங்கற்சுவர்கள் பூச்சின்றி நிற்கின்றன. மண்டபத்தினூடே ஆற்றை நினைவூட்டும் நீரோடை வளைந்து செல்கிறது. 1986இல் நிறைவுற்ற கொங்கிறீற் கோபுரமொன்றில் சாளரங்களுக்குப் பதிலாகக் குகைவாய் போன்ற துளைகள் அமைந்துள்ளன. இவற்றை வெறும் உருவப் புதுமையெனக் கொள்வோர் உள்ளடக்கத்தைத் தவறவிடுகின்றனர். உற்பத்திக்களம் உழைப்போரின் ஓய்வுக்களமாக மாறியமையே இங்கு அடிப்படையாகும்.

எனினும், இதனை நடத்தும் செஸ்க் நிறுவனம், வர்க்க இணக்கத்தை வேண்டிய வணிக முதலாளிகளால் 1946இல் தோற்றுவிக்கப்பட்டது என்பதை நாம் மறத்தலாகாது. ஆயின், திருத்தப்படாத அம்மண்டபங்களிலே குடும்பங்கள் கூடுவதையும் சிறுவர் விளையாடுவதையும் கண்ட பின்னரே லீனா தமது வடிவமைப்பை வகுத்தார். மக்கள் முன்னரே தமதாக்கியிருந்த இடத்துக்கு அவர் உருவமளித்தார். முதலாளியத்தின் நோக்கமும் மக்களின் பயன்பாடும் மோதும் இம்முரண்பாடே அக்கட்டடத்தின் உயிர்ப்பு எனக் கருதுகிறோம்.