கிழிசல் எழுத்தின் அழகு

1977-ஆம் ஆண்டு, எலிசபெத் மகாராணியாரின் வெள்ளிவிழாக் கோலாகலத்தில் லண்டன் மாநகரம் திளைத்திருந்த சமயத்தில், செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பங்க் இசைக்குழுவின் இசைத்தட்டு உறைக்காக ஜேமி ரீட் என்னும் ஓவியர், ராணியின் படத்தில் கண்களையும் வாயையும் மறைத்து, செய்தித்தாளிலிருந்து கத்தரித்தாற்போன்ற, அளவிலும் ஜாதியிலும் ஒன்றுக்கொன்று ஒவ்வாத எழுத்துக்களை ஒட்டிவைத்தார். ஆளைக் கடத்திப் பணம் கேட்பவன் அனுப்பும் மொட்டைக் கடிதத்தின் லட்சணந்தான். ஆயினும், கிழித்த சட்டையை ஊக்குகளால் கோத்தணிந்து லண்டனின் கிங்ஸ் ரோடில் உலாவிய பங்க் வாலிபர்களின் கோலத்தை உற்று நோக்குவோருக்கு, அதே வெட்டலும் ஒட்டலுமே அச்செழுத்தாக உருக்கொண்டிருப்பது புலப்படும். தையற்காரரும் அச்சுக்கோப்பவரும் வேண்டாம், கத்தரிக்கோலும் பசையும் போதும் என்ற துணிச்சல் இரண்டுக்கும் பொது.

அதே துணிச்சலோடு, முன்னர் பிரிட்டிஷ் வோக் என்ற நாகரிக உடைப் பத்திரிகையின் கலை இயக்குநராயிருந்த டெர்ரி ஜோன்ஸ், 1980-இல் 'ஐ-டி' என்ற பத்திரிகையைத் தட்டச்சு எழுத்துக்களோடு தொடங்கி, தெருவில் கண்ட இளைஞர்களைச் சுவரோரம் நிறுத்தி முழு உருவமாகப் படம்பிடித்து வெளியிட்டார். அதன் பெயரை ஆங்கில எழுத்தில் பக்கவாட்டாகத் திருப்பினால் கண்சிமிட்டும் முகமொன்று தோன்றும். (ரீடின் கோபத்தைவிட இந்தக் குறும்பே எனக்கு அதிகம் பிடிக்கிறது.) இந்நாளில் கணினிக்கென விற்கப்படும் கிழிசல் எழுத்துருக்களிலோ, ஓர் எழுத்து எத்தனை முறை வந்தாலும் பெரும்பாலும் அதே இடத்தில்தான் கிழிந்திருக்கிறது.