ஈரமணலில் முதலில் உயரம், பிறகு வேகம்

மெட்டல் டிடெக்டரோடு கடற்கரையில் தேடுவது பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ஒரு விளையாட்டாகவே வளர்ந்துவிட்டது. மண்ணில் உலோக வில்லைகளைப் புதைத்துவைத்து, குறித்த நேரத்துக்குள் அதிகம் எடுப்பவருக்குப் பரிசு தரும் போட்டிகள்கூட உண்டு. புதிதாகக் கருவியைப் பிடிப்பவருக்குப் பொதுவாகச் சொல்லித்தரும் பாடம், காயிலை, அதாவது கருவியின் முனையிலுள்ள தேடுசுருளை, மெதுவாக வீச வேண்டும் என்பது. அது பாதிப் பாடம்தான். உப்புநீர் ஊறிய மணலில் ஆட்டத்தின் போக்கைத் தீர்மானிப்பது வீச்சின் உயரம். தொடங்கிய இடத்திலிருந்து முடியும் இடம்வரை தரைக்கும் காயிலுக்கும் உள்ள இடைவெளி மாறாமல் இருந்தால்தான் நிதானத்துக்கே பலன் கிடைக்கும்.

கடலுக்கு வெகுதூரம் தள்ளியிருக்கும் ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்துக்கு இந்தக் கணக்கு அந்நியமானதல்ல. மாம்பழக்கூழுக்குப் பேர்போன மாவட்டம் இது. உணவு ஆலைகளில் பெல்ட்டுக்கு மேல் நிற்கும் டிடெக்டரை இயக்குபவர்களுக்கு ஒன்று தெரியும்: ஈரமும் உப்பும் உள்ள பண்டம் மின்சாரத்தைக் கடத்துவதால், அதில் துளி இரும்பு இல்லாவிட்டாலும் தானே ஒரு சிக்னல் தரும். அந்தச் சிக்னலைக் கருவிக்குப் பழக்கிவிட்டு, அதிலிருந்து விலகுவதை மட்டும் பிடிக்கச் செய்கிறார்கள். பெல்ட் ஏறி இறங்காததால் இது பலிக்கிறது. கடற்கரையில் ஈரமணலே பண்டம், தேடுபவரின் தோளே பெல்ட். கையை அகல வீசும்போது இரு ஓரங்களிலும் காயில் மேலே எழும்புகிறது. எழும்பும்போது உப்பின் சிக்னல் குறைகிறது, இறங்கும்போது கூடுகிறது. அசைவில் வரும் மாற்றத்தை வைத்தே உலோகத்தை அறியும் கருவி, இந்த ஏற்ற இறக்கத்தையும் பொருளென்று நினைத்துக் கத்துகிறது. சத்தம் பொறுக்காமல் சென்சிட்டிவிட்டியைக் குறைத்தால் ஆழத்து மோதிரம் தப்பிவிடும். உப்பை ஒதுக்கும்படி அமைத்தாலோ, மெல்லிய தங்கச் சங்கிலியின் சிக்னல் உப்பின் சிக்னலுக்குப் பக்கத்திலேயே விழுவதால் அதுவும் சேர்ந்து ஒதுங்கிவிடும்.

ஆகவே திருத்தம் கையிலிருந்து தொடங்க வேண்டும். வீச்சின் அகலத்தைக் குறைத்தால் ஓரங்கள் எழும்பாது. அலைக்கோட்டுக்கு இணையாக வீசினால், ஒரு வீச்சுக்குள் ஈரத்தின் அளவு ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். காய்ந்த மணலிலிருந்து ஈரமணலுக்குக் குறுக்கே போகும்போது வரும் பொய்ச் சத்தம் அடங்கும். தேடும் இடத்தின் ஈரமணலிலேயே கருவியைத் தரைக்குச் சமன்செய்வதும், அதாவது அந்த மணலின் சிக்னலை ஒதுக்கும்படி அமைப்பதும், அவசியம். இல்மனைட் பிரித்தெடுக்கப்படும் மணவாளக்குறிச்சி போன்ற கருமணல் கரைகளில் சிக்கல் இரட்டிப்பாகும். இரும்புக் கனிமத்தின் சிக்னலும் உப்பின் சிக்னலும் எதிரெதிர் முனைகளில் விழுவதால், ஒரே அதிர்வெண்ணில் இயங்கும் கருவியை ஒன்றுக்குச் சமன்செய்தால் மற்றது வாய்திறக்கும்.

பல அதிர்வெண்களில் ஒரே நேரத்தில் இயங்கும் புதிய கருவிகள் இதையெல்லாம் தாமே சரிசெய்துவிடாதா என்று கேட்கலாம். பெருமளவு சரிசெய்யும். ஆனால் எந்தக் கழிப்பும் முழுமையானதல்ல; கருவி உப்பை எவ்வளவு கழித்தாலும் மிச்சம் ஒன்று இருக்கும், தடுமாறும் கை அந்த மிச்சத்தைப் பெரிதாக்கும். இன்னொரு கேள்வியும் வலுவானது: போட்டிகளில் வேகமாக வீசுகிறவர்தானே ஜெயிக்கிறார்? அங்கே வில்லைகள் மேலாகப் புதைக்கப்படுகின்றன, கடிகாரமும் ஓடுகிறது. தொலைந்த நகை அலையடித்து ஆழத்துக்கு இறங்கிவிடும்; ஆழத்துச் சிக்னல் மெலிந்தது, அவசர வீச்சில் அது நழுவும். மெதுவாகப் போனால் பரப்பளவு குறையுமே என்பதும் உண்மைதான். ஆனால் இடைவெளி விட்டு நடந்த பரப்பைத் தேடிய பரப்பாக எண்ணக் கூடாது. இலங்கையின் முகமாலையில் கண்ணிவெடி அகற்றும் தமிழ்ப் பெண்களின் வேலையை நினைத்துப் பாருங்கள். ஒரு சிறு துண்டு நிலம் விட்டுப்போனாலும் ஓர் உயிர் போகலாம். அதனால் தரையை ஒட்டி, ஒரு வீச்சின்மேல் அடுத்த வீச்சு படியுமாறு தேடுவது அங்கே அடிப்படை ஒழுங்கு. உயிர் பணயமாக உள்ள இடத்தில் தேறிய முறையை விளையாட்டுக்காரர்கள் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம்.

இந்தத் தேடலின் எல்லைகளும் தெரிந்திருக்க வேண்டும். 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்து கிடந்த பொருளின் மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினால் கலெக்டருக்கு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். மாமல்லபுரம் போன்ற பாதுகாக்கப்பட்ட இடங்களில் தோண்டவே கூடாது. தமிழகத்தில் இரும்பின் பயன்பாட்டைக் கி.மு. 2172 வரை கொண்டுபோன மயிலாடும்பாறை இருக்கும் கிருஷ்ணகிரி மாவட்டத்தில், மலைச்சரிவுகளைப் பயிற்சிக் களமாக்குவது வரலாற்றை அழிப்பதாகும். சொந்த வீட்டு முற்றம் போதும். காயில் இரு ஓரங்களிலும் ஒரே உயரத்தில் நிற்கும்வரை அங்கே கை பழகட்டும். அது கைவந்த பிறகு கடற்கரைக்குப் போனால், வேகத்தை எவ்வளவு குறைக்க வேண்டும் என்பதை மணலே உணர்த்திவிடும்.