கொசுறோடு ஒரு காலை

சேலம் சூரமங்கலம் உழவர் சந்தைக்குப் பிள்ளைகளோடு போவதென்றால் விடிந்ததும் கிளம்பிவிட வேண்டும். வெயில் ஏறினால் கீரை வாடிவிடும், பிள்ளைகளும்தான்.

1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் முதல்வர் மு. கருணாநிதி தொடங்கிவைத்த திட்டம்தான் உழவர் சந்தை. தரகரில்லை, கமிஷனில்லை, அடையாள அட்டை வைத்திருக்கும் விவசாயி தானே விற்கிறார். அன்றைய விலை பலகையில் இருக்கும். எழுத்துக்கூட்டும் வயதுப் பிள்ளைக்குக் கத்தரி, அவரை, பீர்க்கு என்று படிக்க அதைவிட நல்ல பாடமில்லை. பேரத்துக்கும் வேலையில்லை. என் மாமியார் மட்டும் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை!

சின்னவள் மரவள்ளிக் குவியலருகே நின்றுவிடுவாள். விற்கும் அம்மா செம்மண் ஒட்டிய பழுப்புத் தோலை நகத்தால் கீறுவார். உள்ளே இளஞ்சிவப்பாய் ஒரு பட்டை. அதை உரித்தால் பால்வெள்ளைக் கிழங்கு.

"எங்க காட்டுதுதான் கண்ணு, நேத்து சாயங்காலம் புடுங்குனது."

சேலம், நாமக்கல் மரவள்ளியில் பெரும்பகுதி ஜவ்வரிசி ஆலைக்குப் போய்விடுகிறது. நமக்கு வாய்ப்பது இதுதான். வேகவைத்து, தேங்காய் துருவிப் போட்டால் காலைப் பலகாரம் முடிந்தது.

தராசில் எண் நின்றபிறகு பையில் விழும் கறிவேப்பிலைக்குக் கணக்கில்லை. சின்னவள் கையில் ஒரு வெள்ளரிப் பிஞ்சும் வந்துவிடும். சூப்பர் மார்க்கெட்டில் எத்தனை தள்ளுபடி கொடுத்தாலும் இந்தக் கொசுறு கிடைக்காது.

போகிறவர்கள் துணிப்பையும் சில்லறையும் எடுத்துக்கொள்ளுங்கள். தக்காளியைக் கடைசியில் வாங்குங்கள்.