திண்ணையும் மதகும்

எந்த இடம் நமக்கு ஒத்துவரும் என்ற கேள்வியை நம் எழுத்தாளர்கள் வெகு காலமாகத் தப்பாகவே கேட்டு வந்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. இதில் நானும் சேர்த்தி. பத்து வருஷங்களுக்கு முன் இதே போன்ற ஒரு பத்திரிகையில், மண்ணிலிருந்து பிடுங்கப்பட்ட எழுத்து சவலைப் பிள்ளை என்று ஒரு கட்டுரை எழுதினேன். நாலைந்து பேர் படித்தார்கள். இரண்டு பேர் பாராட்டிக் கார்டு போட்டார்கள். அந்தக் கட்டுரையை இப்போது வாபஸ் வாங்கிக்கொள்ள வேண்டிய நிலையில் இருக்கிறேன். காரணம் இலக்கிய ரீதியானது இல்லை. வீட்டுக்காரர் வீட்டை விற்கப்போகிறார்.

2011-லிருந்து செம்பரம்பாக்கத்தில் வாடகைக்கு இருக்கிறோம். ஒரு பக்கம் பெங்களூர் நெடுஞ்சாலை, இன்னொரு பக்கம் ஏரி. நான் திருவல்லிக்கேணியில் ஒரு அச்சகத்துக்கு ப்ரூஃப் பார்க்கிறவன். மனைவி பூந்தமல்லியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். மகள் ஒரகடத்தில் ஒரு ஆலையில் ஷிப்டு வேலை. அம்மாவுக்கு எண்பத்தொன்று. எங்கள் முன்னால் மூன்று வழிகள். இங்கேயே ஒரு மனை வாங்கலாம். நகரத்துக்குள் கையளவு ஃப்ளாட் ஒன்று பார்க்கலாம். அல்லது கும்பகோணத்துக்குப் பக்கத்தில் பூட்டிக் கிடக்கிற பூர்வீக வீட்டைச் செப்பனிட்டுக்கொண்டு போய்விடலாம். என் மனம் எதில் நின்றது என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துதான் என் முதல் கவிதையை எழுதினேன். மோசமான கவிதை, ஆனால் நல்ல திண்ணை.

நம் நாவல்களில் இருப்பிடம் இரண்டே விதம். ஒன்று, விட்டு வந்த ஊர். மற்றது, சகித்துக்கொள்கிற நகரம். முதலாவதில் திண்ணை, கிணறு, கொல்லை. இரண்டாவதில் ஒண்டுக் குடித்தனம், பொதுக் குழாய். இரண்டிலும் இடம் என்பது எழுதுகிறவனின் முகம் பார்க்கும் கண்ணாடி. ஊர் நல்லதாக இருப்பது அது போய்விட்டதால். நகரம் கெட்டதாக இருப்பது அதில் அவன் இருப்பதால். ந. முத்துசாமி சென்னையில் இருந்துகொண்டு புஞ்சையை எழுதினார். அது ஏக்கமாகச் சரிந்துவிடாததற்கு அவர் பார்வையின் கறார்த்தனம் காரணம். ‘நீர்மை’ தொகுப்பைப் (1984) படித்தவர்களுக்கு இது தெரியும். பின்னால் வந்த பலரிடம் கறார் போய் ஏக்கம் மட்டும் மிஞ்சிற்று. திண்ணை குறியீடாகி, குறியீடு அலங்காரமாகி, இன்று நெடுஞ்சாலை உணவு விடுதிகளின் வாசலில் சிமெண்டில் கட்டி வைத்திருக்கிறார்கள்.

ஏக்கம் புதிய சரக்கு இல்லை என்பதும் உண்மை. ஏரிக்கு அந்தப் பக்கம் குன்றத்தூர், சேக்கிழார் பிறந்த ஊர். சோழ அரசில் அமைச்சராக இருந்தபோது அவருக்குக் குடந்தைக்குப் பக்கத்துத் திருநாகேஸ்வரத்தின் மேல் பற்று விழுந்தது என்றும், அந்தப் பற்றில் தன் ஊரிலேயே ஒரு நாகேஸ்வரம் கட்டிக்கொண்டார் என்றும் மரபு. வடநாகேஸ்வரம் என்று இன்றும் இருக்கிறது. எங்கள் பூர்வீக ஊர் அந்தத் தென்னாகேஸ்வரத்துக்கு நாலு மைல். அம்மாவை இங்கே கோயிலுக்கு அழைத்துப் போகிறபோதெல்லாம், இடத்தைத் தூக்கி வர முடியாதவன் அதன் பிரதியைக் கட்டுகிறான் என்று நினைத்துக்கொள்வேன். அமைச்சருக்குக் கல் கிடைத்தது, நமக்குக் காகிதம்.

அம்மா ஊருக்குத் திரும்பத்தான் ஆசைப்படுவாள் என்று எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. அந்த நம்பிக்கையில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் வைத்துக்கொண்டு பேச்சை எடுத்தேன். மனைவி முதலில் கேட்டாள்: “அங்க போனா நான் வேலைய விடணும். இவ ஹாஸ்டலுக்குப் போகணும். நீங்க எழுதுவீங்க. சரி, சமைக்கிறது யாரு?” நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னாள்: “அந்த வீட்ல எனக்குத் தெரிஞ்சது அடுப்படியும் கொல்லையும்தாம்ப்பா. நாப்பது வருஷத்துல நான் திண்ணையில என்னைக்கு உக்காந்தேன்?”

இதைவிடக் கடுமையான விமர்சனம் என் கட்டுரைக்கு வந்ததில்லை. ஐம்பது வருஷ ஏக்க இலக்கியத்தில் பாதிக்கும் இது பொருந்தும். வேர் என்று நாம் எழுதியது ஒரு வீட்டின் முன்பாதியை மட்டும். பின்பாதியில் புகைக்கு நடுவே நின்றவர்களிடம் இந்த இடம் உனக்கு ஒத்துவருகிறதா என்று யாரும் கேட்டதில்லை. அவர்கள் எழுதவும் இல்லை. எந்தச் சூழல் எனக்கு ஏற்றது என்ற கேள்வியிலேயே ஒருமை இருக்கிறது. குடும்பம் என்று வருகிறபோது ஒருமைக் கேள்விக்குப் பன்மையில் பதில் வருகிறது. உடனே நாம் அதைச் ‘சமரசம்’ என்று பெயரிட்டுக் கொஞ்சம் கேவலமாகப் பார்க்கிறோம்.

இடத்தைப் பற்றிய நம் பிரக்ஞைக்கு அடியில் திணைக் கோட்பாடு இருக்கிறது. தொல்காப்பியர் ஒழுக்கங்கள் மயங்குவதை அனுமதிக்கிறார். நிலங்கள் மயங்குவதை அனுமதிப்பதில்லை. செம்பரம்பாக்கத்தில் நிலமே மயங்கிவிட்டது. ஏரி இருக்கிறது, எனவே மருதம். ஆனால் ஏரி பாய்ந்த வயல்கள் பல மனைப்பிரிவுகளாகிவிட்டன. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து முதல் கார் வந்தது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ–நிஸான் ஆலை திறந்தது. விடியற்காலையில் சாலையோரம் நின்றால் ஷிப்டு பஸ்கள் வரிசையாகப் போகின்றன. பஸ்ஸில் தூங்கிக்கொண்டு போகிறவர்கள் திருவண்ணாமலை, தர்மபுரி, ஒடிஷா, ஜார்க்கண்ட். இவர்களில் எத்தனையோ பேர் இருபது வயதுப் பெண்கள். அகத்திணையில் பொருள் தேடிப் பிரிகிறவன் தலைவன். வீட்டில் காத்திருப்பவள் தலைவி. இங்கே பொருள்வயிற் பிரிந்தவள் பெண். காத்திருப்பது அவள் அனுப்பும் பணத்துக்காக அப்பாவும் தம்பியும். இரண்டாயிரம் வருஷ மரபு ஒன்று தலைகீழாகத் திரும்பி நிற்கிறது. இதை யாரும் கவிதையில் கவனித்ததாக எனக்குத் தெரியவில்லை. நாம் இன்னமும் பாலையை வெயிலில் தேடிக்கொண்டிருக்கிறோம்.

இந்தப் பெண்களின் இருப்பிடம் எது? 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாடு விஷமாகி நூற்றுக்கு மேற்பட்டோர் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, அவர்களுடைய தோழிகள் பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். நெருக்கமான அறைகள், மோசமான சோறு என்று அப்போதுதான் வெளியே தெரிந்தது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் அரசு கட்டிய விடுதி திறந்தது: 13 கட்டிடங்கள், 18,720 படுக்கைகள். முன்பு இருந்ததைவிட இது எவ்வளவோ மேல் என்பதை மறுப்பவன் அயோக்கியன். நான் கவனிப்பது சொல்லை. வீடு என்ற சொல்லின் இடத்தில் படுக்கை என்ற சொல் வந்து உட்கார்ந்துவிட்டது.

வேரைப் பற்றி யோசித்தவர்களில் ஸிமோன் வெய்ல் எனக்கு இப்போது அதிகம் உதவுகிறார். 1943-இல், சாவுக்குச் சில மாதங்கள் முன்பு, வேரூன்றுதல் பற்றி எழுதினார். அதற்கு எட்டு வருஷம் முன் பாரிஸில் ரெனோ ஆலையில் இயந்திரத்துக்கு முன் நின்று வேலை செய்திருந்தார். அதனால்தான் வேரறுந்தவர்கள் என்று அவர் முதலில் பேசுவது கவிகளைப் பற்றி அல்ல, தொழிலாளிகளைப் பற்றி. பெரிய ஆலைகளை உடைத்து, தொழிலாளிக்கு ஒரு வீடு, கொஞ்சம் நிலம், சொந்தமாக ஒரு இயந்திரம் என்று யோசனை சொன்னார். நடக்காத காரியம். ஆனால் இருப்பிடம் என்பது மனநிலை அல்ல, பங்கீடு என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எவருக்கு என்ன கிடைக்கிறது, யாரிடமிருந்து எடுத்து? அவர் கேள்வி இதுதான்.

இந்தக் கேள்வியை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஏரி. 24 அடி ஆழம். 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவு. 2015 டிசம்பர் 1-ஆம் தேதி மதகிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிட்டார்கள். எங்கள் தெருவில் மின்சாரம் இல்லை, அவ்வளவுதான். நாங்கள் ஏரியின் இந்தப் பக்கத்தில் இருந்தோம். தண்ணீர் அடையாற்றில் இறங்கி மணப்பாக்கம், ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் என்று போயிற்று. ஒரு கவிஞ நண்பரின் முப்பது வருஷக் கையெழுத்துப் பிரதிகள் ஒரே இரவில் கூழாகிவிட்டன. அவர் போனில் கேட்டார்: “ஒங்க ஏரியாய்யா அது?” இது மனிதர்கள் உண்டாக்கிய வெள்ளம் என்று 2018-இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தணிக்கை அறிக்கை சொல்லிற்று. அதற்குள் அடையாற்றங்கரைக் குடிசைக்காரர்களில் பலர் பெரும்பாக்கம் அடுக்குமாடிகளுக்கு ஏற்றி அனுப்பப்பட்டிருந்தார்கள். எந்தச் சூழல் உங்கள் குடும்பத்துக்கு ஏற்றது என்று அவர்களிடம் ஒருவரும் கேட்கவில்லை. இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்ள முடிவதே ஒரு வசதி.

நாலே வருஷத்தில், 2019 கோடையில், அதே ஏரி வெடித்த தரையாகக் கிடந்தது. ஏரிக்கரையில் நகரத்துக்காக நாளொன்றுக்கு 53 கோடி லிட்டர் சுத்திகரிக்கும் நிலையம் 2007-லிருந்து இருக்கிறது. பக்கத்தில் குடியிருக்கிற நாங்கள் கேன் தண்ணீர் வாங்கிக் குடிக்கிறோம்.

இதை வைத்துக்கொண்டு பார்க்கையில், நம் நாவல்களில் இரண்டு மட்டும் எனக்கு இந்த இடத்தில் நிற்கின்றன. ஒன்று ‘ஒரு புளியமரத்தின் கதை’ (1966). அதில் இடம் என்பது வீடே இல்லை, ஒரு நாற்சந்தி. குளம் தூர்ந்து, சந்தை வந்து, மரமும் போகிறது. சுந்தர ராமசாமி அழவில்லை. யார் லாபமடைகிறார்கள் என்று கணக்குப் பார்க்கிறார், கிண்டலோடு. மற்றது அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ (1973). ஒரு சென்னைத் தெருவும் குடங்களும் ஜமுனாவும் சாயாவும் டீச்சரம்மாவும். தெரு நல்லதா கெட்டதா என்று அவர் தீர்ப்புச் சொல்வதில்லை. தண்ணீருக்கு எழுந்து போகிறவள் யார் என்று மட்டும் பார்க்கிறார். பார்த்துக்கொண்டே இருப்பதில் அந்தத் தெரு அவளுடையதாகிவிடுகிறது. இருப்பிடத்தைப் பற்றிய சரியான எழுத்து அந்த இடத்தின் வேலைகளைப் பற்றிய எழுத்துத்தான். இதைப் பார்க்க மறுத்ததுதான் என் பழைய கட்டுரையின் அடிப்படைக் கோளாறு.

நாங்கள் மனையும் வாங்கவில்லை. காட்டிய மனைகளில் ஒன்றின் வரைபடத்தில் முப்பதடிச் சாலை என்று போட்டிருந்த இடத்தில் 2015 மழையில் முழங்கால் தண்ணீர் ஓடியதை மனைவி பார்த்திருந்தாள். “வாய்க்காலுக்கு ரோடுன்னு பேர் வெச்சா தண்ணிக்குத் தெரியுமா?” என்றாள். கணக்கு டீச்சர். நகரத்து ஃப்ளாட்டின் விலை இரண்டே நிமிஷத்தில் எங்களைத் திருப்பி அனுப்பிற்று. இரண்டு தெரு தள்ளி மாடியில் ஒரு போர்ஷன் வாடகைக்குக் கிடைத்தது. மகளுக்கு ஷிப்டு பஸ் நிற்கும் இடம் கிட்ட. ராத்திரி ஷிப்டு முடிந்து அவள் தனியாக நடக்கிற தூரம் இருநூறு அடி குறைகிறது. முடிவு இதன் பேரில்தான் எடுக்கப்பட்டது. எனக்கு அதில் எழுத இடம் இல்லை. சமையலறைக்கு வெளியே ஒரு பெஞ்சு போட்டிருக்கிறேன். பூர்வீக வீடு பூட்டியே இருக்கிறது. அதைப் பற்றி நான் இனிமேல் கவிதை எழுதுவதாக இல்லை.

அம்மா மாடி வராந்தாவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக்கொண்டு சாலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள். பஸ்ஸிலிருந்து இறங்குகிற பெண்களை எண்ணுகிறாள். சிலரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள். அவர்களில் ஒருத்தி இந்த இடத்தை ஒரு நாள் எழுதக்கூடும். தமிழிலோ ஒடியாவிலோ, எதிலாவது. அது என்னால் ஆகாது. தமிழில் எழுதினால் ப்ரூஃப் பார்த்துக் கொடுக்கத் தயார்.