கற்சுவரின் பின்னே ஒரு மகன்

பெரும் பாறைகள் இரண்டிற்கிடையே கற்களை அடுக்கி எழுப்பிய சுவர். அதன் பின்னே மல்லாந்து கிடக்கிறான் ஓர் இளைஞன். முகம் நம் பக்கம் திரும்பியிருக்கிறது. சுவரின்மீது சாய்ந்து நிற்கிறது ஒரு துப்பாக்கி. அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1863 ஜூலைத் திங்களில், கெட்டிஸ்பர்க் களத்தில் எடுத்த இந்நிழற்படத்தை அலெக்சாண்டர் கார்ட்னர் 1866-இல் தாம் வெளியிட்ட நூறு படங்களைக் கொண்ட நூலில் சேர்த்தார். மறைந்திருந்து குறிபார்த்துச் சுடும் தென்னகப் படைவீரனின் உறைவிடம் என்பது அதற்கு அவர் தந்த தலைப்பு.

அந்நாளில் கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, அது உலருமுன் படமெடுத்து, வண்டியிலேயே அமைந்த இருட்டறையில் கழுவியாக வேண்டும். ஓடுவோரையும் வெடிப்பனவற்றையும் தகடு பற்றாது. இறந்தோர் மட்டுமே அசையாதிருந்தனர்.

1975-இல் வில்லியம் ஃபிரசனிட்டோ என்னும் ஆய்வாளர் அக்களத்துப் படங்களை ஒப்பிட்டு, இவ்வுடல் முதலில் கீழே சரிவில் கிடந்ததையும், ஏறத்தாழ 40 கஜம் தூக்கி வரப்பட்டு இங்கே கிடத்தப்பட்டதையும் நிறுவினார். அத்துப்பாக்கியும் குறிபார்த்துச் சுடுவோர் கையாளும் வகையன்று.

ஓவியன் உருவங்களை இடம் மாற்றுவதில்லையா என்று கேட்போர் உண்டு. மாற்றலாம், ஓவியனுக்குக் கிடைப்பது வண்ணம், பிறர் பெற்ற பிள்ளையன்று. ஆயினும் உடலைத் தூக்கியதைவிட என்னை உறுத்துவது படத்தோடு கார்ட்னர் எழுதிய உரையே. நவம்பரில் கல்லறைத் தோட்ட அர்ப்பணிப்பு விழாவிற்காக மீண்டும் வந்தபோது, துருவேறிய துப்பாக்கியும் அடக்கம் செய்யப்படாத எலும்புகளும் அவ்விடத்திலேயே இருக்கக் கண்டாராம்! நினைவுப் பொருள் தேடி மக்கள் மொய்த்த களத்தில் ஒரு துப்பாக்கி நான்கு திங்கள் தீண்டப்படாமல் கிடந்ததென்பதை யார் நம்புவார்? காணாமற்போனான் என்ற ஒரு சொல்லைத் தவிர வேறறியாமல் மகனை எதிர்பார்த்திருக்கும் தாயையும் அவ்வுரை நினைவூட்டுகிறது. அத்தாய்க்காக நம்மை உருகச் செய்தவரே அவள் மகனைச் சுமந்து சென்று வேடம் கட்டியவர்.

இவ்வளவும் அறிந்த பின்னும் அம்முகம் என்னை விடவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். எனினும் அந்நூலிலேயே இதற்கு முந்தைய படமாக உள்ள, சரிவில் எடுத்த படத்தையே நான் மேலாகக் கொள்கிறேன். அதற்கும் கார்ட்னர் ஒரு புனைந்த தலைப்பையே தந்தார். ஆனால் அங்கே சுவர் இல்லை, அரங்கம் இல்லை. மேட்டில் ஏறுகையில் குண்டுபட்டு வீழ்ந்த ஒரு காலாள் வீரனாகவே தோன்றுகிறான், வீழ்ந்த இடத்திலேயே.