ஏதோ ஒரு பறவை

அமெரிக்காவில் எழுதப்படும் தமிழ்க் கதைகளில் பறவைகளுக்குக் குறைவில்லை. பெயரோடு வரும் பறவைகள்தான் குறைவு. ஜன்னலுக்கு வெளியே ‘ஏதோ ஒரு பறவை’ கத்தும். ‘பெயர் தெரியாத மரம்’ ஒன்று இலை உதிர்க்கும். அடுத்த பத்தியில் கதைசொல்லிக்கு ஊர் நினைவு வந்துவிடும். அங்கே வேம்பு, புங்கை, மைனா, செம்போத்து என்று எல்லாவற்றுக்கும் பெயர் உண்டு. நினைவில் இருக்கும் நிலம் துல்லியமாகவும் கண்ணெதிரே இருக்கும் நிலம் மங்கலாகவும் தெரிவது நம் புலம்பெயர் எழுத்தின் பொதுக்குணம் ஆகிவிட்டது. ஏக்கம் என்று சொல்லி இதை விட்டுவிடலாம். எனக்கு இது பார்வையின் குறையாகவே படுகிறது. இரண்டு எழுத்தாளர்களைச் சேர்த்து வாசித்தால் அந்தக் குறை தெளிவாகும். ஒருவர் டெக்சஸ்காரர், மற்றவர் மயிலாப்பூர்க்காரர்.

ராய் பெடிச்செக் தொழில்முறை விஞ்ஞானி அல்லர். பல ஆண்டுகள் டெக்சஸ் பள்ளிகளுக்கிடையிலான போட்டிகளை நடத்தும் அமைப்பின் இயக்குநராக இருந்தவர். அறுபத்தேழு வயதுக்கு மேல், நண்பர்களின் வற்புறுத்தலால் ஓராண்டு விடுப்பு எடுத்துக்கொண்டு, ஆஸ்டினுக்குத் தென்மேற்கே ஃபிரைடே மவுண்டன் பண்ணையில் ஒரு பழைய கல்வீட்டில் போய்த் தங்கினார். பண்ணை அவருடைய நண்பரும் வரலாற்றாசிரியருமான வால்டர் பிரெஸ்காட் வெப்புக்குச் சொந்தம். கணப்பில் சமைத்துச் சாப்பிட்டபடி அவர் எழுதிய ‘அட்வென்ச்சர்ஸ் வித் எ டெக்சஸ் நேச்சுரலிஸ்ட்’ 1947இல் வெளியானது.

தலைப்பைப் பார்த்துச் சாகசத்தை எதிர்பார்ப்பவர் ஏமாறுவார். புத்தகம் வேலிகளைப் பற்றிப் பேசித் தொடங்குகிறது. மேய்ச்சல் புகாத வேலியோரத்திலும் சாலையோரத்திலும் எந்தெந்தச் செடிகள் பிழைத்திருக்கின்றன என்று பார்க்கிறார். கூண்டில் அடைத்து வளர்க்கப்படும் கோழிகள் தம் இயல்பை இழப்பதற்கு ஓர் இயலையே ஒதுக்குகிறார். 1927 முதல் டெக்சஸின் மாநிலப் பறவையாக இருக்கும் மாக்கிங்பேர்ட், பெயரில் உள்ளபடி உண்மையிலேயே மற்றப் பறவைகளைப் பார்த்துப் பாடுகிறதா என்று வழக்கறிஞரைப் போல விசாரிக்கிறார். கிளைக்கதைகளில் நெடுநேரம் அலைவது இவருடைய பலவீனம். ஆனாலும் அவர் எதையும் ‘ஏதோ ஒன்று’ என்று விடுவதில்லை.

மா. கிருஷ்ணன் (1912–1996) நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் ‘கன்ட்ரி நோட்புக்’ என்ற பத்தியை 1950இல் தொடங்கி, இறக்கும்வரை 46 ஆண்டுகள் எழுதினார். யானையையும் காட்டெருதையும் நன்கறிந்தவர் அவர். இருந்தும் அவர் எழுத்தின் தனித்தன்மை அணில், காக்கை, ஆடு, கழுதை, சுவர்ப்பல்லி ஆகியவற்றைப் பற்றிய கட்டுரைகளில்தான் இருக்கிறது என்பது என் கணிப்பு. புலியைப் பற்றி எழுதினால் விஷயமே வாசகரை இழுத்துவரும். பல்லியைப் பற்றி எழுதும்போது பார்வை ஒன்றே துணை. அவருடைய தமிழ்க் கட்டுரைகளை சு. தியடோர் பாஸ்கரன் தொகுத்த ‘மழைக்காலமும் குயிலோசையும்’ நூலில் காணலாம். அவர் எழுதியதில் பெரும்பகுதி ஆங்கிலத்தில் போனது தமிழுக்கு நட்டம். சங்கப் பாடல்களை இயற்கை ஆவணமாகவும் படித்த ஒருவர் தமிழில் இன்னும் நிறைய எழுதியிருந்தால், கதையாசிரியர்களுக்குக் கைவசம் ஒரு சொற்களஞ்சியமே இருந்திருக்கும்.

கிருஷ்ணனிடம் ஒரு பிடிவாதமும் உண்டு. அயல்நாட்டு மரங்களை அழகுக்காக நடுவதை அவர் கடுமையாக எதிர்த்தார். மண்ணுக்கு உரியதே மண்ணில் இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. குடியேறிகளான நமக்கு இந்த வாதம் சங்கடம் தரலாம். ஆனால் அவர் கேட்பது செடியின் தாயகத்தை மட்டுமல்ல. அந்தச் செடியை நம்பி அங்கே எது வாழ்கிறது என்றும் கேட்கிறார். அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு கேட்டிக்கு வரலாம்.

முதுமலையில் காட்டை அடைத்துக் கிடக்கும் உண்ணிச்செடியின் இனம் அமெரிக்கக் கண்டத்துக்கு உரியது. அதன் டெக்சஸ் உறவை இங்குள்ள நாற்றுப்பண்ணைகளில் பட்டாம்பூச்சிக்கென்று காசு கொடுத்து வாங்குகிறார்கள். ராமநாதபுரத்தை விழுங்கிய சீமைக்கருவேலத்தின் நெருங்கிய உறவான மெஸ்கீட் இங்கே இறைச்சி வாட்டும் விறகு. அங்கே பகை, இங்கே மண்ணின் மரம். மாறாக, கேட்டியின் புல்வெளியை விழுங்குவது சீனாவிலிருந்து வந்த டேலோ மரம். மாட்டின் காலடியில் பூச்சி பொறுக்கும் உண்ணிக்கொக்கோ ஆப்பிரிக்காவிலிருந்து அட்லாண்டிக்கைக் கடந்து தென்னமெரிக்கா வந்து, அங்கிருந்து வடக்கே பரவியது. யாரும் கொண்டுவரவில்லை, தானாக வந்தது. நம்மில் பலருக்கு முன்பே டெக்சஸ் வந்து சேர்ந்துவிட்டது. இவ்வளவும் கதைக்கு ஆகும் விஷயம். ‘ஏதோ ஒரு கொக்கு’ என்று எழுதினால் இதில் எதுவும் கதைக்குள் வராது.

பெயர் தெரியாமல் இருப்பதற்கு இலக்கியத்துக்கு வெளியிலும் விலை உண்டு. கேட்டியின் வீட்டுமனைகள் முன்பு கடலோரப் புல்வெளியாகவும் பிறகு நெல்வயலாகவும் இருந்தவை. பழைய ஊர்ப்பகுதியில் நெல் உலர்த்தும் உயரமான கட்டடங்கள் இன்னும் நிற்கின்றன. நீர் நிறைந்த வயல்களில் குளிர்காலத்தில் வெண்வாத்துகள் கூட்டங்கூட்டமாக இறங்கின. பல அடி ஆழம் வேரோடும் அந்தப் புற்கள் மழையை உறிஞ்சி வைத்திருந்தன. அந்த இடத்தில் இப்போது புல்தரையும் சிமென்ட்டும். 2017 ஆகஸ்டில் ஹார்வி புயல் மழையில், பார்க்கர் நீர்த்தேக்கத்தின் நீர்ப்பிடிப்புக்குள்ளேயே கட்டப்பட்ட வீடுகளில் தண்ணீர் ஏறியபோது, தங்கள் வீடு ஏரிக்குள் இருக்கிறது என்பதைப் பலர் அப்போதுதான் அறிந்தார்கள். மருதத் திணையைப் பள்ளியில் மனப்பாடம் செய்த நாம், மருத நிலத்திலேயே வீடு வாங்கியும் அதை அடையாளம் காணவில்லை.

எனவே ஐந்திணையை அமெரிக்காவுக்குப் பொருத்திப் பார்க்கும் கட்டுரைகளில் எனக்கு நம்பிக்கை இல்லை. ராக்கி மலையைக் குறிஞ்சி என்று அழைத்தால் மலையைப் பற்றி நமக்குப் புதிதாக எதுவும் தெரிவதில்லை. சங்கக் கவிஞர்களிடம் கற்க வேண்டியது திணைப் பெயர்களை அல்ல, எந்தப் பூ எந்த நிலத்தில் எப்போது பூக்கும் என்ற அக்கறையை.

தமிழில் பெயர் இல்லையே என்பது பாதி உண்மை. கேட்டிக்கு மேற்கே முள்வேலிகளில், சாம்பல் உடலும் கண்ணில் கறுப்புப் பட்டையுமாக உட்கார்ந்திருக்கும் பறவை, நம்மூர்க் கீச்சானின் அதே பேரினம். வெட்டுக்கிளியைப் பிடித்து முள்ளில் குத்திவைக்கும் வழக்கமும் அதே. அதைக் கீச்சான் என்றே எழுதலாம். இருபுறமும் நீண்டு பிளந்த வாலோடு மின்கம்பியில் அமர்ந்து பூச்சி பிடிக்கும் இன்னொன்று நம் கரிச்சானுக்கு உறவல்ல. அதற்குக் கத்தரிவாலன் என்று புதுப்பெயர் இடலாம். மாக்கிங்பேர்டை மாக்கிங்பேர்ட் என்றே விட்டாலும் குற்றமில்லை. எது உறவு, எது ஒப்புமை, எது முற்றிலும் புதிது என்று பிரித்துப் பார்த்த பிறகு எந்தப் பெயரும் சரி.

வேலியில் இருப்பது என்ன என்று கேட்டால், இங்கே பள்ளிக்குப் போகும் பேத்தி ஆங்கிலப் பெயரைச் சொல்லக்கூடும். விருந்துக்கு வந்திருக்கும் பாட்டி அதன் வாலையும் கண்பட்டையையும் பார்த்துக் கீச்சான் என்று சொல்லக்கூடும். அந்த இருவரும் பேசிக்கொள்ளும் கதை ஒன்றைத்தான் நான் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறேன்.